திடலில் நிற்கும் இலுப்பையும் அதன் முளைக்காத விதைகளும்

தாங்கள் கேட்டிருப்பவை பார்வைக்கு நான்கு கேள்விகள். திருவிடைமருதூருக்கு அருகே, தாத்தா வழியில் வந்த மூன்று மா திடலில் ஒரே ஒரு பழைய இலுப்பை மரம் நிற்கிறது. அதன் பூவை உண்ணலாமா, வடநாட்டில் உண்ணப்படும் மகுவாவும் இதுவும் ஒன்றா, கொட்டையிலிருந்து எண்ணெய் எடுப்பது பயனுள்ளதா, ஆண்டுதோறும் அவ்வளவு பழம் விழுந்தும் மரத்தடியில் ஒரு கன்றுகூட ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில், மரத்துக்கு நல்ல விலை வருகிறது, வெட்டிவிடச் சொல்கிறார்கள் என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனவே, இந்த மரத்தை வைத்திருப்பதில் பொருள் உண்டா, இது தங்களோடு முடியாமல் தொடர வழி உண்டா என்பதே தாங்கள் கேட்க விரும்பியது என்று எடுத்துக்கொள்கிறேன். டெல்டாவில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்நாளிலிருந்து நாட்டு மரக் கன்றுகளை வளர்த்து வருகிறவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்து பற்றிச் சொல்லும் இடத்தில் அந்த வரம்புக்குள் நின்றுகொள்வேன்.

முதலில் பெயர். தங்கள் மரத்தின் அறிவியல் பெயர் மதுகா லாங்கிஃபோலியா. சப்போட்டா, மகிழம், பாலை ஆகியவை அடங்கிய சப்போட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மற்ற மரங்களைப் போலவே இதன் கிளையை ஒடித்தாலும் பால் வடியும். வடக்கே மகுவா என்று வழங்குவதும் இதே இனந்தான், ஆனால் வேறு வகை. நம் இலுப்பையின் இலை ஒடுங்கி நீண்டு ஈட்டி போல் இருக்கும். மகுவாவின் இலை அகன்றிருக்கும். நெடுங்காலம் இவ்விரண்டையும் இரண்டு தனி இனங்களாகவே எழுதினார்கள். இன்று ஓர் இனத்தின் இரு வகைகளாகக் கொள்வதே பெரும்பான்மை வழக்கு. நம் மரத்தின் பழைய அறிவியல் பெயர் பாசியா லாங்கிஃபோலியா. 1771-இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் வந்த அந்தப் பெயரோடு யோகான் கேர்ஹார்ட் கோனிக் என்பவரின் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இங்கிருந்து செடிகளைத் தம் ஆசிரியருக்கு அனுப்பியவர். தாவரவியல் வகுப்பில் இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், தரங்கம்பாடி என்ற ஊர்ப் பெயரையும் மாணவர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன்.

சங்கப் பாடல்களில் இம்மரம் இருப்பை. அகநானூற்றில் கரடிகள் இருப்பைப் பூவைத் தேடி உண்ணும் காட்சி ஒன்றுக்கு மேற்பட்ட பாடல்களில் வருகிறது. அவை வறண்ட பாலை நிலத்து வழியின் காட்சிகள், ஆற்று வெளியின் காட்சிகள் அல்ல. காவிரிக் கரையில் இலுப்பைக்குச் சான்று வேறு வகையில் கிடைக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் மணல்மேட்டுக்கு அருகே இலுப்பைப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. சுந்தரர் பாடிய திருப்பழமண்ணிப்படிக்கரை அதுதான். மண்ணியாற்றின் பழைய கரையைச் சொல்லும் பெயர். அக்கோயிலின் தல மரம் இலுப்பை. ஊரின் இன்றைய பெயரே மரத்திலிருந்து வந்தது. ஆற்றுப் படுகைகளிலும் சாலை ஓரங்களிலும் குளக்கரைகளிலும் இலுப்பைத் தோப்பு வைப்பது இப்பகுதியின் பழைய பழக்கம். தங்கள் திடல் மரம் அப்படிப்பட்ட ஒரு தோப்பின் மிச்சமாகவே இருக்கக்கூடும். இது என் ஊகம்; பழைய பட்டாவிலோ கிரயப் பத்திரத்திலோ 'இலுப்பைத் தோப்பு' என்று குறித்திருந்தால் ஊகம் உறுதியாகும்.

இனிப் பூவுக்கு வருகிறேன். மாசி, பங்குனியில் பழைய இலை பெரும்பாலும் உதிர்ந்து, கிளை நுனிகளில் துருநிறப் புறவிதழ்களோடு மொட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மொட்டு விரிவதற்கு முன்பே சூல்தண்டு ஊசி போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவின் பெண் பகுதி முதலில் தயாராகி, மகரந்தம் பின்னால் வருகிறது என்பதன் அடையாளம் அது. தன் மகரந்தம் தன்மேலேயே படுவதை இப்படித் தள்ளிப்போடுகிறது. அல்லிவட்டம் மற்றப் பூக்களில் உள்ளது போல மெல்லிய இதழ்களாக இல்லாமல், சதைப்பற்றுள்ள சிறு குடமாக இருக்கும். வெண்மையில் சிறிது மஞ்சள் கலந்த நிறம். உள்ளே மகரந்தத் தாள்கள் ஒட்டியிருக்கும். இரவு முழுவதும் உதிர்ந்து, விடியலில் தரையில் வெள்ளையாகக் கிடக்கும். அந்தச் சதை முழுவதும் சர்க்கரை. நன்கு உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரை என்பது பல பகுப்பாய்வுகளில் ஒத்துவரும் செய்தி. "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்ற பழமொழியை இன்று மட்டமான மாற்றுப்பொருளைக் குறிக்கவே சொல்கிறோம். கரும்பாலை இல்லாத ஊரில் மக்கள் உண்மையாகவே இதைக் கொண்டுதான் இனிப்புச் செய்தார்கள் என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. என் வீட்டில் பாட்டி காலத்தில் காய்ந்த பூவை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, எள்ளோடு உரலில் இடித்து உருண்டை பிடிப்பார்கள்; வெல்லம் சேர்ப்பதே இல்லை.

ஆகவே உண்ணலாம். ஆனால் மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள். விழுந்த பூ வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும். வடக்கே இதிலிருந்து சாராயம் காய்ச்சுவது நெடுங்கால வழக்கம். பம்பாய் மாகாணத்தில் பூவைச் சேர்த்து வைப்பதைக் கட்டுப்படுத்த 1892-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். எனவே விடிவதற்குள் பொறுக்கி, நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை நீக்கி, அலசி, அன்றே வெயிலில் உலர்த்துங்கள். இரண்டாவது, பச்சைப் பூவை ஆசையோடு நிறையத் தின்றால் வயிறு புரட்டும், தலை கனக்கும். சிறு அளவே போதும். மூன்றாவது, பழந்தின்னி வௌவால்கள். இரவில் அவை பூவின் சதையைக் கடித்துத் தின்று, மிச்சத்தைக் கீழே போடுகின்றன. 2018-இல் கேரளத்தில் நிபா பரவியபோதிலிருந்து, வௌவால் கடித்த எதையும் உண்ண வேண்டாம் என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்லி வருகிறார்கள். இலுப்பைப் பூவால் இங்கு எவருக்கும் அந்நோய் வந்ததாகச் செய்தி இல்லை. இருந்தாலும் கிழிந்த பூ, பல் பட்ட பழம் இவற்றை ஒதுக்கிவிட்டு, முழுப் பூவை மட்டும் எடுத்து, பச்சையாகத் தின்னாமல் வறுத்து உண்பது அறிவுடைமை. இதற்காக வௌவாலை விரட்ட வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

ஆனி, ஆடியில் பழம். பச்சை மாறி மஞ்சள் ஓடும்போது மென்மையாகி விழும். சதை இனிப்புதான், பாலின் பிசுபிசுப்பு மட்டும் உதட்டில் ஒட்டும். உள்ளே பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு விதைகள். பளபளப்பான பழுப்பு நிறத்தில், படகைக் கவிழ்த்தது போன்ற வடிவம். அந்த ஓட்டுக்குள் இருக்கும் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். மரச்செக்கில் அத்தனையும் வராது. இயந்திரச் செக்கில் சற்றுக் கூடுதலாக வரும். எண்ணெய் மஞ்சளாக, மணம் கனத்ததாக இருக்கும். மார்கழிக் குளிரில் குப்பியில் உறைந்து வெண்ணெய் போல் நிற்கும். சீமைச் சோப்பு ஆலைகள் ஒரு காலத்தில் இதை விரும்பி வாங்கியதும், நம் ஊரில் விளக்குக்கு இதை ஊற்றியதும் ஒரே காரணத்தால் அல்ல. சோப்புக்கு அதன் கெட்டிக் கொழுப்பு வேண்டியிருந்தது; விளக்குக்கு அது நின்று நிதானமாக எரிவது வேண்டியிருந்தது.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். சோழர் காலத்துக் கோயில் விளக்கெல்லாம் இலுப்பை எண்ணெயில்தான் எரிந்தன என்று இப்போது பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கிட்டுக் கொடுத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கச் செய்திருக்கிறார்கள். பசுவானால் 48, எருமையானால் 16. அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு நெய்யே முதன்மை. இலுப்பை எண்ணெய் வீட்டு அகலிலும், திண்ணை மாடத்திலும், பிற்காலத்தில் பல கோயில்களின் அன்றாட விளக்குகளிலும் எரிந்தது. நம் தாத்தாக்களின் நினைவில் இருப்பது இந்தப் பிற்கால வழக்கம். மரத்தின் பெருமைக்கு இல்லாத சான்றைத் தேட வேண்டியதில்லை, இருப்பதே போதுமானது.

சமையலுக்கும் இந்த எண்ணெயைச் சிலர் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் பருப்பில் சப்போனின் என்ற, நுரைக்கும் தன்மையுள்ள கசப்புப் பொருள் இருக்கிறது. அதன் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும் என்றாலும், செக்கில் ஆட்டி அப்படியே எடுத்த எண்ணெயில் கசப்புத் தெரியும். இன்று வேறு எண்ணெய் கிடைக்கும்போது இதைத் தாளிக்க ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளக்குக்கும், மேற்பூச்சுக்கும், சோப்புக்கும் அது உயர்ந்த எண்ணெய். மூட்டு வலிக்குச் சூடாக்கித் தேய்ப்பது, பட்டைக் கியாழத்தால் ஈறுக்கு வாய் கொப்புளிப்பது, பூவைப் பாலில் காய்ச்சி இருமலுக்குக் கொடுப்பது ஆகியவை நம் மரபில் நெடுநாளாக இருக்கின்றன. மரபு இருக்கிறது என்பது உறுதி. எந்த நோயை எந்த அளவில் அது தீர்க்கும் என்பது மனிதர்களிடம் முறையாக நடத்திய சோதனைகளால் உறுதியாகவில்லை. சர்க்கரை நோய்க்கு இலுப்பைப் பட்டை என்று இப்போது விற்கிறார்களே, அதை நம்பி உட்கொள்ளும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சித்த மருத்துவம் படித்தவரிடம் நேரில் கேட்டுக்கொள்வதே முறை.

புண்ணாக்கைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் மதிப்பை மறந்துவிட்டோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தலைக்கு இலுப்பைப் புண்ணாக்குப் பொடிதான். அது நுரைத்து எண்ணெயை இழுப்பதற்குக் காரணம் நான் மேலே சொன்ன சப்போனின். கண்ணில் பட்டால் எரியும், அதனால்தான் பிள்ளைகள் அதற்கு அஞ்சினார்கள். மாட்டுக்கு இதைத் தீவனமாக வைக்கக் கூடாது. மீனுக்கோ நேரடி நஞ்சு: செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்தக் குணத்தையே மீன் வளர்ப்போர் பயன்படுத்துகிறார்கள். குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள களை மீன்களை அழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீருக்கு 2,500 கிலோ புண்ணாக்கு இடுவது வழக்கமான அளவு. இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு அடங்கி, அதுவே குளத்துக்கு உரமாகிவிடும். இறாலுக்கு மீனைவிடத் தாங்கும் ஆற்றல் அதிகம் என்பதால், நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கத்து இறால் குட்டைகளிலும் இது பயன்படுகிறது. ஆகவே தாங்கள் எண்ணெய் ஆட்டினால், புண்ணாக்கைக் கழுவிய நீர் ஊர்க் குளத்துக்கோ ஓடும் வாய்க்காலுக்கோ போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலுப்பைப் புண்ணாக்குப் புகைக்குப் பாம்பு வராது என்ற நம்பிக்கையை மட்டும் நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். நெல்லுக்கு அடியுரமாக வேப்பம் புண்ணாக்கோடு கலந்து இடலாம், அதில் ஐயமில்லை.

ஒரே ஒரு மரத்தின் கொட்டையை வைத்து வருமானக் கணக்குப் போட இயலாது. ஓர் ஆண்டு கொட்டித் தீர்க்கும், மறு ஆண்டு கைவிரிக்கும். வீட்டு விளக்குக்கும் ஊர்க் கோயிலுக்கும் போதுமான எண்ணெய் கிடைக்கும் என்று மட்டும் சொல்வேன்.

தாங்கள் கடைசியாகக் கேட்டதே எனக்கு முதன்மையான கேள்வி: ஏன் கன்று நிலைப்பதில்லை? இதற்கு விடை விதையின் இயல்பில் இருக்கிறது. நெல்லைக் குதிரில் போட்டு அடுத்த பட்டத்துக்கு வைத்திருக்கலாம். ஏனென்றால் நெல் உலர்ந்தாலும் உயிரோடு உறங்கும். இலுப்பை விதைக்கு அந்த உறக்கம் கிடையாது. உலர்ந்தால் இறந்துவிடும். விழுந்த சில வாரங்களுக்குள் ஈர மண் கிடைக்காவிட்டால் அது வெறும் எண்ணெய்க் கொட்டைதான். இதை நான் பாடநூலில் படித்து, வகுப்பில் சொல்லியும் கொடுத்துவிட்டு, நானே பிழை செய்தேன். ஓர் ஆண்டு ஆனி மாதத்தில் இருநூறு விதைகளைச் சேகரித்து, ஐப்பசி மழையில் மாணவர்களைக் கொண்டு நடலாம் என்று சாக்கில் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன். நட்டதில் மூன்று கூட முளைக்கவில்லை. அந்த மாணவர்கள் தினமும் வந்து பாத்தியைப் பார்த்துவிட்டுப் போனது இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

நம் டெல்டாவின் நாட்காட்டியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பழம் விழும் ஆனி, ஆடியில் நமக்குப் பெருமழை இல்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தான். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஆடிப்பெருக்குக்குள் வாய்க்கால்கள் நிறையும் ஆண்டுகளில், படுகையிலும் கரையிலும் விழுந்த விதைக்கு ஈரம் கிடைத்துவிடும். திடலுக்கு அது கிடைக்காது. அடுத்தது, தாய் மரத்தின் அடி நிழல் அடர்த்தியானது. அங்கே முளைத்ததும் நிழலில் சோர்ந்து போகும். இயற்கை இதற்கு வைத்த வழி வௌவால். அது பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்து, சதையைச் சப்பிவிட்டு விதையைச் சேதமில்லாமல் போட்டுவிடுகிறது. பனையடியிலும் அரசமரத்தடியிலும் யாரும் நடாத இலுப்பைக் கன்று நிற்பது இப்படித்தான். பூவுக்கும் வௌவாலின் வருகை பயன்படுகிறது. அதனால்தான் விரட்ட வேண்டாம் என்றேன். வௌவாலுக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம் மாவட்டங்களில் இருக்கின்றன, அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அப்படித் தப்பி முளைத்த கன்றையும் ஆடு கடிக்கிறது, சருகுக்கு வைத்த தீ கருக்குகிறது. முன்பு கொட்டை பொறுக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்கள், செக்குக்காரர்கள், விளக்குக்கு எண்ணெய் வாங்கிய வீட்டார் என்று ஒவ்வொருவருக்கும் இம்மரம் வேண்டியிருந்தது. கன்றுக்கு முள் கட்ட ஆள் இருந்தார்கள். மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்தபின் விளக்கு போயிற்று, ஷாம்பு வந்தபின் புண்ணாக்கு போயிற்று. எஞ்சியது மரக்கட்டையின் விலை மட்டுமே. அது உறுதியான கட்டை, தேருக்கும் வண்டிக்கும் உகந்தது. அதனாலேயே தங்களிடம் வியாபாரி வருகிறார். ஒரு முறை கிடைக்கும் அந்தத் தொகைக்கு ஈடாக இன்னொரு மரம் உருவாக இரண்டு தலைமுறை ஆகும் என்பதை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். என் கருத்தில் வெட்டக் கூடாது.

கன்று வளர்க்கும் முறை கடினமானதே அல்ல, காலம் தவறாமை ஒன்றே வேண்டும். பழம் விழத் தொடங்கிய வாரத்தில், முதலில் விழும் சொத்தைகளை விட்டுவிட்டு, நன்கு பழுத்து விழுந்தவற்றை எடுங்கள். சதையைப் பிதுக்கிக் கழுவி, நிழலில் ஒரு நாள் வைத்து, மறுநாளே விதைத்துவிடுங்கள். ஆணிவேர் நீளமாக இறங்கும் ஆதலால் சிறிய பைகள் ஆகாது. ஓரடி ஆழமுள்ள பை வேண்டும். வண்டலும் மணலும் மக்கிய சாணமும் கலந்து, விதையைப் படுக்கைவசமாக ஒரு விரற்கடை ஆழத்தில் வைத்து, வைக்கோல் மூடி, ஈரம் காயாமல் தெளித்து வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளைவிடும். ஓராண்டுக் கன்றை அடுத்த ஐப்பசி மழையில் 25 அடி இடைவெளியில் நடலாம். களிமண் வயலில், நாள்கணக்கில் நீர் தேங்கும் இடத்தில் கன்று நிற்காது. தங்கள் திடலும் வாய்க்கால் கரையும் அதற்கு ஏற்றவை. முதல் மூன்று கோடைக்கு நீரும், ஆட்டின் வாய்க்கு எட்டாத வேலியும் கொடுத்துவிட்டால் பிறகு அதன் பாட்டில் வளரும். விதைக் கன்று பூக்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும், சில மரங்கள் இன்னும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஒட்டுக்கட்டினால் இதைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கலாம். மகுவாவில் இளந்தண்டு ஒட்டு நன்றாகப் பிடிக்கிறது, நம் வகையிலும் அதே முறையில் செய்து பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாக் கன்றுகளையும் தங்கள் ஒரே மரத்தின் விதையிலிருந்தே எடுக்க வேண்டாம். பெண் பகுதியை முந்திவிட்டு மகரந்தத்தைப் பின்தள்ளும் மரம், அயல் மரத்தின் மகரந்தத்தையே விரும்புகிறது என்று பொருள். அதே ஆனி மாதத்தில் ஒரு நாள் இலுப்பைப்பட்டுப் பக்கமோ, வேறு எந்த ஊர்க் குளக்கரையில் இலுப்பை நின்றாலும் அங்கோ போய், உரியவர்களிடம் கேட்டு, கீழே விழுந்ததில் இருபது விதைகள் எடுத்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அன்று மாலையே பையில் ஊன்றிவிடுங்கள்.